பணம் வந்ததா, வரவில்லையா?
பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் கணக்கும், அதைச் சரிபார்க்கும் முறையும்



முன்பெல்லாம் நம் கடைகளில் அதிகம் கேட்ட கேள்வி, "என்ன விலை?" என்பது. இப்போது அதை முந்திக்கொண்டு வருவது, "பணம் வந்துருச்சா?" என்பதுதான். வாடிக்கையாளரின் போனில் பணம் போய்விட்டதாகக் காட்டுகிறது. நம் கல்லாவில் இருக்கும் பெட்டி வாய் திறக்கவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். சரக்கைக் கொடுப்பதா, நிறுத்துவதா? கொடுத்தால் நஷ்டப்படலாம். நிறுத்தினால் பத்து வருட வாடிக்கை முகம் சுளிக்கும்.

காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிற நாங்களும், பெரிய கடை வீதியிலும் ஸ்ரீரங்கத்திலும் மளிகைக் கடை வைத்திருக்கிற நம் சகோதரர்களும் இதை "நெட் சரியில்லை" என்ற இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு சிறியதல்ல. தனித்தனி இடங்களில் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே கணக்கை எழுதும்போது அந்தக் கணக்கு தவறாமல் இருக்க என்ன வழி என்று அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கவே கூடாது என்பதை முதலில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைப்பது, பிறகு அந்த ஏற்பாடு எழுதிவைத்தபடிதான் நடக்கும் என்று கணிதத்தால் நிரூபிப்பது, இதுவே அந்த முறை. நம் பணம் போய்வருகிற பாதை இது என்பதால், நாமும் ஓரளவாவது தெரிந்துகொள்வது நல்லது.

காவிரிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை நம் ஊர் உதாரணத்தால் பார்ப்போம்.

போன் இல்லாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தி மார்க்கெட்டில் ஒரு வியாபாரி, ஸ்ரீரங்கத்தில் ஒரு வியாபாரி. நாளை காலை ஒரு லாரி வெல்லம் வருகிறது. இருவரும் சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். ஒருவர் மட்டும் எடுத்தால் நஷ்டம். திருச்சிக்காரர் ஒரு பையனிடம் துண்டுச் சீட்டு கொடுத்துக் காவிரிப் பாலம் வழியாக அனுப்புகிறார்: "நாளை எடுப்போம்." பையன் போய்ச் சேர்ந்தானா என்று இவருக்குத் தெரியாது. அதனால் பதில் வந்தால்தான் எடுப்பார். ஸ்ரீரங்கத்துக்காரர் "சரி" என்று பதில் எழுதி அனுப்புகிறார். அந்தப் பதில் திருச்சிக்குச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. சேராவிட்டால் இவர் எடுக்கமாட்டார், அவர் மட்டும் மாட்டிக்கொள்வார். எனவே "உங்கள் பதில் கிடைத்தது" என்று இவர் இன்னொரு சீட்டு அனுப்ப வேண்டும். அது சேர்ந்ததா என்பது இப்போது இவர் கவலை. இப்படி எத்தனை சீட்டு அனுப்பினாலும், கடைசிச் சீட்டை அனுப்பியவர் மனதில் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

பையன் திரும்பவில்லை என்றால் அவன் வழியிலேயே நின்றுவிட்டானா, தாமதமாக வருகிறானா என்பதும் தெரியாது. காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் மூடியிருந்தபோது நம் சரக்கு வண்டிகள் சுற்றிக்கொண்டு வந்தது நினைவிருக்கும். காத்திருக்கிறவருக்குத் தாமதமும் தொலைந்துபோனதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

செய்தி வழியில் தொலையக்கூடும் என்றால், இரு தரப்பும் சேர்ந்து முழு நிச்சயத்தோடு முடிவெடுக்கவே முடியாது என்பதை 1975-ஆம் ஆண்டில் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். 1978-இல் ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் இதை இரண்டு படைத்தளபதிகளின் கதையாகச் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எவ்வளவு விலை கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கினாலும், எவ்வளவு வேகமான இணைப்புப் போட்டாலும் இந்தத் தடை நீங்காது.

எப்போதும் ஒன்று, என்றேனும் ஒன்று

நாம் ஒரு முறை ஸ்கேன் செய்யும்போது குறைந்தது நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கின்றன. கொடுப்பவரின் போன் செயலி, கொடுப்பவரின் வங்கி, நடுவில் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்.பி.சி.ஐ., பெறுபவரின் வங்கி. ஒரு வங்கியில் பற்று எழுத வேண்டும், இன்னொரு வங்கியில் வரவு எழுத வேண்டும். இடையில் எந்தச் செய்தியும் எந்த நொடியிலும் தொலையலாம். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. மூலம் 2025 ஆகஸ்டு ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. இதில் ஒரு சிறு பங்கு இடையில் நின்றாலும் எத்தனை கடைகளில் வாக்குவாதம் என்று கணக்குப் பாருங்கள்.

"இரு தரப்புக்கும் இந்த நொடியே நிச்சயம்" என்பது கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் எதைக் கேட்கலாம்? 1977-இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கான விதிகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, நடக்கவே கூடாதது. மற்றொன்று, நடந்தே தீர வேண்டியது. அதே ஆண்டில் அமீர் ப்னூவேலி என்ற அறிஞர் "எப்போதும்", "என்றேனும்" என்ற இரண்டு சொற்களைத் தர்க்கக் குறிகளாக வைத்துக் கம்ப்யூட்டர் அமைப்புகளைப் பற்றி எழுதும் வழியைக் காட்டினார். கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது ப்னூவேலிக்கு 1996-ஆம் ஆண்டுக்கும், லாம்போர்ட்டுக்கு 2013-ஆம் ஆண்டுக்கும் கிடைத்தது.

நம் பாஷையில் சொன்னால், பணப் பரிமாற்றத்துக்கு விதி இப்படி அமையும். எப்போதும்: ஒரு பக்கம் பற்று இல்லாமல் மறுபக்கம் வரவு விழக்கூடாது; ஒரே எண்ணுள்ள பரிமாற்றம் இருமுறை பதிவாகக்கூடாது. என்றேனும்: பற்று எழுதிய பணம் ஒன்று பெறுபவருக்குப் போய்ச் சேர வேண்டும், அல்லது கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும், அந்தரத்தில் நிற்கக்கூடாது.

இந்த "என்றேனும்" என்பதற்கு நாள் குறித்தது ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் வாடிக்கையாளர் கணக்கில் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், பரிமாற்ற நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், வாடிக்கையாளர் புகார் கொடுக்கக் காத்திராமல், வங்கி ஈடு தர வேண்டும். ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் பணமாக இருந்தால் கெடு ஒரு நாள்.

"இருமுறை கூடாது" என்பதற்கு நமக்குப் பழகிய உதாரணம் ஜி.எஸ்.டி. மின்னணு விலைப்பட்டியல். 2023 ஆகஸ்டு முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இது கட்டாயமானது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து 64 எழுத்து கொண்ட ஒரு குறிப்பெண் பிறக்கிறது. இணைப்பு அறுந்து அதே பில்லை மீண்டும் அனுப்பினாலும் அதே குறிப்பெண்தான் வரும். "இது முன்பே பதிவானது" என்று அமைப்பு நிராகரித்துவிடும். செய்தி தொலைந்ததா என்று தெரியாதபோது தைரியமாக மறுபடி அனுப்பலாம், இரட்டிப்பு ஆகாது. காவிரிக்கரைச் சிக்கலைத் தீர்க்க முடியாது. ஆனால் அதோடு ஒத்து வாழ இதுதான் வழி.

விதி மீறினால் என்ன ஆகும்

2023 நவம்பர் 10 முதல் 13 வரை, தீபாவளி நாட்களில், யூகோ வங்கியில் நடந்தது இதற்குச் சாட்சி. வேறு ஏழு தனியார் வங்கிகளின் சுமார் 14,600 கணக்குகளிலிருந்து ஐ.எம்.பி.எஸ். வழியாகத் தொடங்கிய பரிமாற்றங்கள், யூகோ வங்கியின் 41,000-க்கும் மேற்பட்ட கணக்குகளில் வரவாக விழுந்தன. அனுப்பிய பக்கத்திலிருந்து பணம் வந்து சேரவில்லை. மொத்தம் சுமார் 820 கோடி ரூபாய். வங்கியே பங்குச் சந்தைக்கு இதை அறிவித்தது. அடுத்த சில நாட்களில் 649 கோடியை மீட்டதாகவும் சொன்னது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. "பற்று இல்லாமல் வரவு கூடாது" என்று நம் கணக்குப்பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம்தான் அங்கே உடைந்தது.

இன்னொரு சம்பவம் வேறு மாதிரி. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யு.பி.ஐ. தடுமாறியது. "அந்தப் பணம் என்ன ஆயிற்று?" என்று நிலைமை கேட்கும் விசாரிப்புகள் சில வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்ததே காரணம் என்று என்.பி.சி.ஐ. கண்டறிந்தது. பதில் வராத சந்தேகத்தில் ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டே வழியை அடைத்துவிட்டார்கள். அதன்பின், முதல் விசாரிப்புக்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் கேட்கக்கூடாது என்று வங்கிகளுக்கு வரம்பு விதித்தார்கள். "மறுபடி கேள்" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது, எத்தனை முறை என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தால் போதாதா?

"சாப்ட்வேர் போடுமுன் நன்றாகச் சோதித்துவிட்டால் சரிதானே?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். மூட்டையில் குத்தூசி விட்டு நாலு அரிசி பார்ப்பது போலத்தான் சோதனை. குத்திய இடத்தில் இருப்பது தெரியும். குத்தாத இடத்தில் இருப்பது தெரியாது.

ஒரு கணக்கு சொல்கிறோம். ஒரு கடையில் இரண்டு கல்லா. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து வேலை, வரிசை மாறாமல் நடக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று எந்தெந்த விதத்தில் கலந்து நடக்கலாம் என்று எண்ணினால் 1,84,756 வழிகள் வரும். மூன்று கல்லா என்றால் ஐந்தரை லட்சம் கோடி வழிகளுக்கு மேல். அதில் ஒரே ஒரு வழியில்தான் தவறு ஒளிந்திருக்கும். கிடங்கில் கடைசியாக ஒரு மூட்டை துவரம் பருப்பு. இரண்டு கல்லாவும் ஒரே நொடியில் "இருப்பு ஒன்று" என்று பார்க்கின்றன. இரண்டும் பில் போடுகின்றன. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு கல்லாவும் சரியாகத்தான் இருக்கும்.

1978-இல் நீதாம், ஷ்ரோடர் என்ற இருவர், கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளச் சில வரிகளே கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். உலகமே படித்தது. அதில் ஓர் ஓட்டை இருப்பதை காவின் லோ என்பவர் 1995-இல்தான் கண்டார். பதினேழு ஆண்டுகள்! அடுத்த ஆண்டு, எல்லா வழிகளையும் கம்ப்யூட்டரைக் கொண்டே அலசி அந்த ஓட்டையைக் காட்டினார். திருத்திய முறையையும் அப்படியே சரிபார்த்தார்.

அமேசான் நிறுவனம் 2011 முதல், லாம்போர்ட் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளஸ் என்ற விதி எழுதும் மொழியைப் பயன்படுத்தத் தொடங்கியது. தகவலைப் பல இடங்களில் சேமிக்கும் அவர்களது அமைப்பு ஒன்றில், தகவலே தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழை அதனால் வெளிப்பட்டது. அது வெளிவர 35 படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடக்க வேண்டும். பெரிய பொறியாளர்கள் கூடி ஆராய்ந்தும், விரிவாகச் சோதித்தும் அகப்படாத பிழை அது.

இது வெளிநாட்டுச் சரக்கு மட்டுமல்ல. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்திலும் பல பத்தாண்டுகளாக இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பி.எஸ். தியாகராஜன், ஆர். இராமானுஜம், மாதவன் முகுந்த் ஆகியோர் இத்துறையில் உலகம் அறிந்த பெயர்கள்.

முத்திரை போட்ட தராசும் விரலும்

ஆனால் நிரூபணம் என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். தராசு சரி என்பதற்குத்தான் முத்திரை; தட்டின் ஓரத்தில் யாரும் விரல் வைக்கவில்லை என்பதற்கு அல்ல. அதுபோல, எழுதிய விதிக்கு அமைப்பு கட்டுப்படுகிறது என்றுதான் நிரூபிக்க முடியும். எழுதாமல் விட்ட விதியைக் காக்க எந்த நிரூபணத்தாலும் ஆகாது.

இதற்கு எங்கள் கடையிலேயே ஓர் உதாரணம். ஸ்ரீரங்கத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகச் சரக்கு எடுக்க வந்தார். 18,400 ரூபாய் பில். குட்டி யானை வண்டி வாசலில் நிற்கிறது. "முதலாளி, பணம் போயிருச்சு, என் கணக்குல பிடிச்சுட்டான்" என்றார். "இங்க இன்னும் சத்தம் வரலையே தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றோம். அவருக்கோ அவசரம். இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து மறுபடியும் அனுப்பிவிட்டார். அது உடனே வந்தது. மாலையில் முதலாவதும் வந்து சேர்ந்தது. கூடுதல் பணத்தை அன்றே திருப்பி அனுப்பினோம்.

அமைப்பு தவறு செய்ததா? இல்லை. அதன் விதி "ஒரே எண் இருமுறை கூடாது" என்பது. இரண்டாம் தடவை அனுப்பியபோது புதிய எண் பிறந்துவிட்டது. அதன் கண்ணுக்கு அவை இரண்டு வெவ்வேறு பரிமாற்றம். இரண்டும் ஒரே பில்லுக்கு என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அன்று அந்தத் தம்பியின் கையிருப்பில் பாதி எங்கள் கணக்கில் முடங்கிக் கிடந்தது. எழுதிய விதியை மெஷின் காக்கும். எழுதாததை நாம்தான் காக்க வேண்டும்.

நம் கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது, வாடிக்கையாளர் போனில் தெரியும் படத்தை வரவாகக் கொள்ளக்கூடாது. நம் பெட்டியோ, நம் செயலியோ, வங்கிக் கணக்கோ சொல்வதே வரவு.

இரண்டாவது, சந்தேகத்தில் நிற்கும்போது உடனே "இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லக்கூடாது. பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதைப் பில்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் என்றால் பற்றில் எழுதிச் சரக்கைக் கொடுக்கலாம். தெரியாதவர் என்றால் ரொக்கம் கேட்கலாம். முதல் பணம் பின்னால் வந்தால் திருப்பித் தருவதாகப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த ஒரு வரியில் வாடிக்கையாளர் மனம் ஆறும்.

மூன்றாவது, கடை மூடுமுன் பில் மொத்தத்தையும், செயலி காட்டும் வரவையும், வங்கிக் கணக்கில் விழுந்ததையும் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவராததைத் தனித் தாளில் எழுதி, 5 நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காவிரிக்கரைக்காரர்களான நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, பில் போடும் சாப்ட்வேர் வாங்குமுன் விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பில் போடும் நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தப் பில் பதிவானதா இல்லையா? இரண்டு கல்லாவில் ஒரே சரக்கை ஒரே நேரத்தில் விற்றால் இருப்பு என்ன காட்டும்? கடைக்கும் கிடங்குக்கும் கணக்கு வேறுபட்டால் எதை நம்புவது? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். "அப்படியெல்லாம் நடக்காது சார்" என்று சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நாலு வரி எழுதிக் கேட்கிற வியாபாரியைச் சாப்ட்வேர்காரர் மட்டுமல்ல, வங்கிக்காரரும் மதிப்பார். கடையில் எதற்கும் சீட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். பணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்வருகிற இந்தக் காலத்திலும் அந்தப் பழக்கத்தை விடாமல் இருப்போம்.